உண்டியல்ல விழுந்த வண்டிச் சாவி

மார்ச் 4, செவ்வா

நீயே சொல்லு சௌடம்மா தாயி, எங்க அம்மனே, டீக்கடை எம்புட்டுத் தூரம்? எங்க வாசல்ல நின்னு கூப்புட்டா சீனிச்சாமி கடைக்குள்ள இருந்து "என்னக்கா"ன்னு கேப்பான். அதுக்கு ஒரு வண்டி! எங்க வீட்டுக்காரவுக அத ஒதைச்சுக் கெளப்புறதுக்குள்ள நான் நடந்து போயி டீய வாங்கிட்டு வந்துருவேன். சுகர் முந்நூத்திப் பன்னெண்டு. டாக்டரம்மா மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாக: "அய்யா, பாதத்துல உணர்ச்சி கொறஞ்சுபோச்சு. சைக்கிள் மிதிங்க. இப்பிடியே விட்டீங்கன்னா காலு போயிரும்." இவுக தலைய ஆட்டிட்டு வெளிய வந்து வண்டியில ஏறி ஒக்காந்தாக.

மார்ச் 6

தறிக்கூடத்துல கெடந்த சைக்கிளத் தொடச்சு, காத்தடிச்சு, எண்ணெ விட்டு வாசல்ல நிறுத்துனேன். அவுக தொட்டுக்கூடப் பாக்கல.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. சைக்கிள்ல போனா என்ன கொறஞ்சு போகும்னு கேட்டுப்புட்டேன். வெயிலாம். ரோட்டோரமெல்லாம் கருவ முள்ளாம், டயரு தாங்காதாம். சைக்கிளப் பாத்தா லாரிக்காரன் ஒதுங்க மாட்டானாம். கடைசியிலதேன் உண்மை வாயில வந்துச்சு.

"சைக்கிள்ல போனா அப்பாச்சாமி தறிய வித்துட்டான்னு தெருவே பேசும்டி."

காலு போனா மட்டும் தெரு பேசாதோ?

இவுகள மட்டும் சொல்லி என்ன. பக்கத்து வீட்டு மாயக்கா மகன் பால் பாக்கெட் வாங்க புல்லட்டுல போறான். அவன் கெளப்புற சத்தத்துலயே பாலு திரிஞ்சு போகும். எதித்த வீட்டுக்காரி ரெண்டு தெரு தள்ளிக் கோயிலுக்கு ஸ்கூட்டியில போயி, அங்க பதினோரு சுத்து நடக்குறா. நடக்குறதுக்கு வண்டி!

மார்ச் 14, வெள்ளி

செஞ்சுட்டேன்.

கோயிலுக்கு வண்டியிலதேன் போனோம். நானும் பின்னால ஒக்காந்துதேன் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மணிபர்சு கூட எடுக்காம வந்திருந்தாக, தட்டுல போட என்கிட்டத்தேன் சில்லறை வாங்குனாக. சாவிய என் கையில குடுத்துட்டுக் கால் கழுவப் போனாக. நேரா உண்டியல்ல போட்டேன். ணங்குன்னு சத்தம்.

உண்டியல்ல விழுந்தது அம்மனுக்கு. திருப்பிக் கேக்க முடியாது. அவுகளுக்கும் தெரியும்.

ரெண்டு தெருவும் வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தாக. கன்னடத்துல வைஞ்சாக, கோவம் தலைக்கேறுனாத்தேன் வீட்டுப் பாசை வரும். "இனி என்கிட்டப் பேசாத. ஒன் அம்மன்கிட்டயே பேசு."

பேசிக்கிட்டுத்தான இருக்கேன்.

மார்ச் 17

மூணு நாளாப் பேச்சில்ல. மாயக்கா செவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன மதினி, புருசன மடக்கச் சாமியக் கூட்டு சேத்துட்டீகளாம்ல?"ன்னு சிரிக்கிறா. சிரிடி. ஒன் வீட்டுலயும் சுகர் வரட்டும், அப்பத் தெரியும்... அய்யோ, அப்பிடிச் சொல்லக் கூடாது. வர வேண்டாம் தாயி. மன்னிச்சுக்க.

மெக்கானிக்கக் கூப்புட்டுருவாகளோன்னு பயந்தேன். கூப்புடல. சாமிகுத்தம்னு பயந்துட்டாக போல.

மார்ச் 18

சைக்கிள எடுத்துட்டாக! தெரு முக்குலயே பஞ்சர். தள்ளிக்கிட்டு வந்து, டயர்ல இருந்து புடுங்குன கருவ முள்ள என் அரிவாமணைக்கு முன்னால போட்டாக. விரல் நீளம். நான் பாட்டுக்கு வெங்காயத்த அரிஞ்சேன்.

மார்ச் 24

சீனிச்சாமி எல்லாரு முன்னாடியும் கேட்டானாம், "என்ன மாமா, தறி போச்சா?"ன்னு. "தறி ஓடுதுடா. வண்டியத்தேன் அம்மன் எடுத்துக்கிருச்சு"ன்னாகளாம். மாயக்கா வந்து சொன்னா. என்கிட்டச் சொல்ல அவுகளுக்கு வாயில்ல.

ஏப்ரல் 20

பேசுறாக. "உப்பு கூடிப்போச்சு"ன்னாக. அம்புட்டுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சுகர் நூத்தி அறுபத்திரெண்டு. "எப்பிடிங்கய்யா?"ன்னு டாக்டரம்மா கேட்டாக. "வண்டிச் சாவி இல்லம்மா"ன்னாக. மூஞ்சியில ஒரு சிரிப்பு கெடையாது. இன்னும் என்மேல கோவந்தேன். இருக்கட்டும். காலு இருக்குல்ல.

சாயந்திரம் தூசியடைஞ்சு கெடந்த வண்டியத் தொடச்சேன். தொடைக்கயிலதேன் ஞாபகம் வருது, இத வாங்குன அன்னைக்கு ரெண்டு சாவில்ல குடுத்தாக. இன்னொண்ண அம்மன் குங்குமப் பொட்டலத்துக்குள்ள வச்சு மடிச்சு, அவுக மணிபர்சுல நாந்தேன் வச்சேன். தெனமும் காலையில அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுத்தான நெத்திக்கு வைக்கிறாக.