டேப் சுற்றிய பொத்தான்

ஜனவரி, செவ்வாய்க்கிழமை இரவு

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் திட்டுவாள்.

இன்று ஒரு கல்லூரியிலிருந்து தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பைப் பற்றிச் சொல்லப் பள்ளிக்கு வந்தார்கள். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்குமாம். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அதனால் கை உள்ளே மாட்டாது. அப்பா அம்பத்தூரில் ஓட்டுவது அந்த மெஷின்தான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "ஒரு பொத்தான டேப் போட்டு அமுக்கி வெச்சிகீறோம்மா. ஒரு கை அமுக்கும், இன்னொரு கை பீஸு வெக்கும். அப்பதான் டார்கெட்டு வரும்."

"கை போயிட்டா இன்னாப்பா பண்ணுவ?"

"துன்றப்ப இன்னாடி பேச்சு இது?" என்று அம்மா அதட்டினாள்.

"டேப்ப எடுத்துடுப்பா."

"எடுத்தா நாளைக்கே வேற ஆள வெச்சிடுவான்." அப்பா தன் தட்டிலிருந்த மீனை என் தட்டில் வைத்தார். "நீ அந்தப் படிப்பே படி. சேத்து வுடறேன். உன்ன காலேஜ்ல சேக்கதான் டபுள் ஷிப்ட்டு கேட்டுகீறேன். நீ ஆபீசரா வந்து டேப்ப அவுத்து வுடு, இன்னா?"

அப்பா டபுள் ஷிப்ட் போகாமலிருக்க, அந்தப் படிப்பு வேண்டாம் என்று காலையில் சொல்லிவிடுவேன். சொன்னாலும் டேப் அங்கேயேதான் இருக்கும். மேலே யாரிடமாவது சொன்னால் அப்பாவின் வேலைதான் போகும்.

பக்கத்தில் அப்பா தூங்குகிறார். தூக்கத்திலும் வலது கையை நீட்டுகிறார், வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார், மறுபடியும் நீட்டுகிறார்.