ஆறு நகர்ந்த பதினேழு மீட்டர்

அன்புள்ள துரைராஜுக்கு,

பள்ளியில் உன் பக்கத்தில் அமர்ந்திருந்த கதிரேசன் எழுதுகிறேன். நில அளவையராக உன் வீட்டை அளந்து எழுதிய அறிக்கையில் நான் மறைத்ததை உனக்குச் சொல்லவே இக்கடிதம்.

உன் வீடு ஆற்றங்கரையிலிருந்து மூன்று மீட்டரில் இருப்பதாக எழுதினேன். குறைந்தது பதினைந்து மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் நாடா பிடித்தபோது நீ சிரித்தாய்.

"இன்னா மச்சி, வூடு அங்கியேதான் கீது. ஆறுதான் வூட்டாண்ட வந்துகினு கீது!"

நீ சொன்னது உண்மை. அடையாறு அந்த வளைவில் உங்கள் கரையை அரித்து, மண்ணைக் கீழ்ப்போக்கில் எதிர்க்கரை வளைவில் சேர்க்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தில் இடைவெளி இருபது மீட்டர். அது என் மேசையிலேயே இருந்தது. படிவத்தில் அதற்கு இடமில்லை என்று இணைக்காமல் விட்டேன்.

ஆற்றிடம் நிலத்தை இழந்தவன் என்று எழுதியிருந்தால் அருகிலேயே மாற்று வீடு கேட்டிருக்கலாம் நீ. ஆக்கிரமித்தவன் என்று எழுதினேன். வீட்டை இடித்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். உன் மனைவி தேவானை மந்தைவெளியில் வேலைக்கு வர மூன்று பேருந்து மாறுகிறாளாம்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை.

வெளியேற்றியதை எதிர்த்து நீங்கள் போட்ட வழக்கு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, என் அறிக்கை தவறு என்று என் வாயாலேயே சொல்வேன்.

உன் பழைய நண்பன்