ரூத்துக்காக நீங்கள் சொன்ன சாட்சி

அண்ணி,

இன்று காலை அலமாரியை ஒழிக்கும்போது அந்த மஞ்சள் கவுன் கையில் தட்டுப்பட்டது. நீங்கள் தைத்தது. அந்துருண்டை நெடிக்கு அடியில் உங்கள் பவுடர் வாசனை இன்னும் லேசாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. ரூத்துக்கு அது இப்போது தோளைத் தாண்டி இறங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. பையில் போட்டு இறுக்கிக் கட்டி, லிஃப்டில் இறங்கி, எங்கள் தம்போய் வட்டாரத்து வெயிலில் நடந்து போய்க் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தேன். கையைக் கழுவினேன்; மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. சபையில் உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் விசுவாசத்தில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்கிறார்கள். அடக்க ஆராதனையில் பாஸ்டர் என் பக்கம் திரும்பி, தம்பி மனைவி என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். துக்கத்தில் நா எழவில்லை என்று நினைத்து, பின்னால் இருந்த பெண் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். துக்கம் இல்லை அண்ணி. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அன்று விழுங்கியதை இன்று சொல்கிறேன்.

ரூத்துக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது முதலில் ஓடி வந்தவர் நீங்கள்தான். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் தம்பி விடிவதற்கு முன்பே பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். வார்டில் நானும் பிள்ளையும் மட்டும் இருப்போம். மீன் சூப்புப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தினமும் வந்தீர்கள். ஒருநாள் மருந்து ஏறி அவள் வாந்தி எடுக்க, நான் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு கைகளையும் நீட்டி அதில் வாங்கினீர்கள். முகம்கூடச் சுளிக்கவில்லை. வெறும் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் உங்களை எப்போதோ மறந்து தொலைத்திருப்பேன்.

முதல் கட்டச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் எலும்பு மஜ்ஜையைச் சோதித்துவிட்டு, புற்றணுக்கள் எதுவும் தென்படவில்லை என்றார். அதோடு அவர் நிறுத்தவில்லை. தென்படாதவை உள்ளே ஒளிந்திருக்கலாம், இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்தே ஆக வேண்டும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வாருங்கள் என்றெல்லாம் சொன்னார். நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். முதலில் சொன்னது மட்டும் உங்கள் காதில் ஏறியது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களின் வழக்கமான பேச்சு என்று விட்டுவிட்டீர்கள்.

கவுனை அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரூத்தை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். வார்டில் உட்கார்ந்தே தூங்கிய அலுப்பில் நான் படுத்துவிட்டேன். என்னை எழுப்பியது சபை வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் சபை, அந்தச் சின்ன மேடை, கையில் மைக்கோடு நீங்கள். பக்கத்தில் என் பிள்ளை, புதுக் கவுனில், முகத்தில் மாஸ்க் இல்லாமல். முடி கொட்டிய தலையில் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருந்தீர்கள். ஆண்டவர் ஒரே மாதத்தில் பூரண சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னீர்கள். சபை கைதட்டியது. முன்வரிசையில் உங்கள் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு ஆளாளுக்கு வந்து அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். இருமிக்கொண்டே வந்தவர்களும் கொடுத்தார்கள்.

நீங்கள் சிரித்த முகத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது நான் வாசலிலேயே கேட்டேன்.

"மாஸ்க்க ஏன் அண்ணி கழட்டுனீங்க?"

"சுகமாயிருச்சுன்னு சாட்சி சொல்லிட்டு, மூஞ்ச மூடிக்கிட்டு நின்னா சபை சிரிக்காதா எஸ்தர்?"

"டாக்டர் இன்னும் ரெண்டு வருசம் மருந்து சொல்லியிருக்காரு."

"டாக்டர் அப்படித்தான் சொல்வாரு லா. இனிமே நீ ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா, நான் மேடையில சொன்னது பொய்யாப் போயிரும். ஆண்டவர பொய்யராக்கப் போறியா?"

"நீங்க தினம் காலையில பிரஷர் மாத்திர போடுறீங்களே?"

"அது வேற. அது வியாதி இல்ல, வயசு."

வேறு யாராவது சொல்லக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். உங்கள் பிரஷருக்கு மாத்திரை, என் பிள்ளையின் புற்றுநோய்க்கு உங்கள் மானம். நம் சபையில் யாரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை மேடையேறிச் சுகம் என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வியாதி வந்தவர் இருமக்கூடக் கூடாது. சாட்சியைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளையை யார் காப்பாற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் ரூத்தின் உடம்பு கொதித்தது. நான் போனில் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு அறைக்குள் துணி எடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து எண்ணெய்ப் புட்டியும் கையுமாக நீங்கள் வந்தீர்கள், உங்கள் ஜெபக்குழுப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு. நான் வெளியே வந்தபோது ரூத் உங்கள் மடியில் இருந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தீர்கள். அந்தப் பெண்கள் கதவை மறித்து நின்றார்கள்.

உங்கள் தம்பிக்கு போன் போட்டேன். அவர் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அக்காதான் ஜெபம் பண்றாங்கல்ல. நான் சாயங்காலம் வந்துர்றேன், அப்புறம் பாக்கலாம்."

"பிள்ளைய குடுங்க அண்ணி, கார் வந்துருச்சு."

"குடுக்க மாட்டேன். நீ சந்தேகப்பட்டு இந்தப் பிள்ளைய சாவடிக்கப் போற."

அதுவரை உங்கள் முன்னால் குரல் உயர்த்தாதவள், உங்கள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தேன். நகம் பட்டு உங்களுக்கு ரத்தம் வந்தது. ரூத் பயந்துபோய் உங்கள் சட்டையைப் பற்றிக்கொண்டு "அத்தை, அத்தை" என்று வீறிட்டாள். பிய்த்து எடுத்தேன் அண்ணி, அதற்கு வேறு வார்த்தை இல்லை. கதவில் நின்றவளை இடித்துத் தள்ளிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன்.

வார்டில் ஊசி போடும் மிஸ்ஸி அவளைத் தொட்டுப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. "சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் உங்கள் தம்பி வேலை உடுப்போடு வந்து கட்டிலோரம் நின்றார். தான் வருவதாகச் சொன்ன நேரத்தில் பிள்ளை மூக்கில் குழாயோடு கிடப்பதைப் பார்த்தார். அதன் பிறகு ஒரு மருந்து நாளைக்கூட அவர் தவறவிடவில்லை. அவரை மன்னித்துவிட்டேன், வேறு வழி இல்லை, அவரோடுதான் வாழ வேண்டும்.

நீங்கள் வரவில்லை. எஸ்தரின் அவிசுவாசம்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சபையில் சொன்னீர்கள். சபையார் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு நின்றது, போன் நின்றது, ஆராதனையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. ரூத் மருந்தில் வாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடமும், ஒரே மாதத்தில் சுகம் என்ற அதே சாட்சியை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும் அதையே சொன்னீர்கள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், "அன்னிக்கு நீ கொண்டுபோனது நல்லதாப் போச்சு" என்றால் போதும். நீங்கள் சொல்லவில்லை. போன வருடம் பாசாரில் காய் வாங்கும்போது மயங்கி விழுந்தீர்கள். உங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாரும் எண்ணெய் தேடவில்லை.

ரூத்துக்கு இப்போது ஒன்பது வயது. நன்றாக இருக்கிறாள், பேச்சுக்குக் குறைவில்லை. இன்று மதியம் சாப்பாட்டுக்கு முன் அவள்தான் ஜெபம் செய்தாள். சோற்றுக்கு நன்றி சொன்னாள், அப்பாவுக்கு நன்றி சொன்னாள், பிறகு, "என்னைச் சுகமாக்குன அத்தைக்காக நன்றி" என்றாள். தினமும் சொல்வதுதான். நானும் தினமும் ஆமென் சொல்வதுதான். இன்று கண்ணைத் திறந்ததும் என்னிடம் கேட்டாள்.

"அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அத்தை என்னை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. யாரோ வந்து என்னைப் பிடுங்குனாங்க. அத்தை விடவே இல்ல. யாரும்மா அது?"

உங்கள் தம்பி தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை போதும், உங்களை அவள் மனதிலிருந்து அடியோடு இறக்கியிருக்கலாம். ஆனால் அந்த வருடத்தில் அவளுக்கு மிஞ்சிய நல்ல ஞாபகம் உங்கள் மடி ஒன்றுதான். ஊசியும் குழாயும் இல்லாத ஒரே இடம் அது. அதையும் நான் பிடுங்கவா?

"தெரியலம்மா, சாப்பிடு" என்றேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அண்ணி. ஆனாலும் உங்கள் சாட்சியை இந்த வீட்டில் இப்போது நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்தர்