ஊழியர் குடும்பத்துக்குக் கடன் இல்லை

அக்கா,

விழா மேடையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: இந்த அறக்கட்டளையின் கடன் பிரிவைப் பல வருடம் நடத்தியவரே மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். அவர் நீங்கள்.

மீந்துபோன வெள்ளி விழா மலர்கள் என் மேசையருகே கட்டுக் கட்டாக இருக்கின்றன. அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. அதில் நம் வரலாற்றை எழுதியவள் நான். அல்சூர் கிளையில் இருந்த ஒரு வங்கி மேலாளர், தள்ளுவண்டிக்காரர்கள் காலையில் வாங்கிய பணத்துக்குச் சாயங்காலமே வட்டி கட்டுவதைத் தினமும் பார்த்தார். மேலிடத்தில் மன்றாடி, வங்கி லாபத்தில் ஒரு பங்கை இவர்களுக்குக் கடன் கொடுக்க ஒதுக்க வைத்தார்; அதுதான் நம் அறக்கட்டளை. பெயருக்கு ஒரு வட்டி, அடமானம் கிடையாது. ஆரம்ப நாட்களில் ஒரு குமாஸ்தா தன் மைத்துனர்களுக்கே கடன்களைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் கடன் இல்லை என்று விதி வந்தது.

"நம்ம ஊழியர் ஒருத்தர்கூட ஒரு ரூபாய் தொட்டதில்லை" என்று தலைவர் மேடையில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்துப் பேச எழுந்த நான் நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கடன் கேட்டவர்களை விசாரிக்க நாம் சேர்ந்து போன வீடுகள் நினைவுக்கு வருகின்றன. "என்னா மேடம், நீங்க பேங்க்கா, போலீஸா?" என்றாள் அல்சூர் மார்க்கெட்டில் பூ விற்பவள். "ரெண்டும் இல்லம்மா. டீ போடு, சொல்றேன்" என்று பாயில் உட்கார்ந்துவிட்டீர்கள். நம் வழக்கத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே. "வெளியில எங்கயாவது வாங்கியிருக்கியா?" அவள் இல்லை என்றாள்.

படியிறங்கும்போது என்னிடம், "வாங்கியிருக்கா. ஃபோனைக் கவுத்தே வெச்சிருந்தா பாத்தியா?" என்றீர்கள். திரும்ப ஏறிப் போய், வட்டிக்காரன் கணக்கை முடிக்கவும் சேர்த்துக் கடன் எழுதினீர்கள்.

கடைசி வருடம் மதிய சாப்பாட்டின்போது உங்கள் ஃபோனும் கவிழ்ந்தேதான் கிடந்தது. "மாமியார்மா. எடுத்தா சாயங்காலம்தான் விடுவாங்க" என்பீர்கள். நான் சிரிப்பேன்.

நீங்கள் இறந்த மறுநாள், மர்பி டவுனில் உங்கள் வீட்டு வாசலில் சவப்பெட்டியைச் சுற்றி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் உங்கள் மகளிடம், "இனிமே யாரு கட்டுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சீட்டுப் பிடிப்பவர் என்று நினைத்தேன். அவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"என் நர்சிங் காலேஜ் சீட்டுக்கு அவர்கிட்டதான் வாங்கினாங்க, அக்கா. சம்பளம் முழுக்க வட்டிக்கே போச்சு. நெஞ்சு வலி மாத்திரையைக்கூட நிறுத்திட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஆஃபீஸ்ல எப்படித் தலை நிமிர்ந்து உட்கார்றதுன்னாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. கை கழுவப் போகிறவள் மாதிரி குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ வந்து மூடினார்கள். எத்தனை பேரை அந்த ஆட்களிடமிருந்து வெளியே இழுத்திருப்பீர்கள்! நீங்கள் உள்ளே போனதை அடுத்த நாற்காலியில் இருந்த நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த முதல் கேள்வியை நான்தான் கேட்கிறேன். கேட்கும்போது என் குரல் இறங்கிவிடுகிறது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நம் அலுவலகத்தில் யார் யார் மதியம் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள் என்று யோசிக்கிறேன்.

விழா முடிந்த மறுவாரம் அந்த வட்டிக்காரர் கணக்கை முடிக்க உங்கள் மகள் நம்மிடம் கடனுக்கு விண்ணப்பித்தாள். நீங்கள் இல்லாததால் அவள் இனி ஊழியர் குடும்பம் இல்லை என்று தலைவர் விளக்கினார். விதி குறுக்கே வரவில்லை. விசாரணைக்கு நான் போனேன். அந்த வாரத்திலேயே கடன் கிடைத்தது.