தலைகீழாக மாட்டிய பூட்டு

பர்மிங்ஹாம்,
ஜூன் 3, 1962

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன வெட்டுதான். நான் மெருகு போட்டுக்கொண்டிருந்த தங்கச் சாவியில், ஆழமான வெட்டு கைப்பிடிப் பக்கம் இருந்தது. கட்டட வேலையிடத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை வந்த, புது நூலக வாசல் பூட்டின் இரும்புச் சாவியில் அதே வெட்டு நுனிப் பக்கம் இருந்தது.

நான் பள்ளியை விட்டு மிஸ் கீலிங்கின் பட்டறையில் சேர்ந்தது நீ அடிலெய்டுக்குக் கப்பலேறிய பிறகுதான். அவர் பத்து வருடம் கட்டடங்களுக்குப் படம் வரைந்துவிட்டுத் தங்க வேலைக்கு வந்தவர். அவருடைய மோதிரங்களில் ஜன்னலும் படிக்கட்டும் இருக்கும். "மோதிரம் செய்யறவங்க கட்டின கட்டடத்துல எறும்புதான் குடியிருக்கும்" என்று நகரசபையில் ஒருவர் கேலி பேசினார். ஆனாலும் புது நூலகத்தைக் கட்டும் வேலை அவருக்கே கிடைத்தது.

திறப்பு விழாவில் கட்டியவர் மேயருக்குத் தங்கச் சாவி கொடுப்பது வழக்கம். மற்றவர்கள் கொடுப்பது வெறும் அலங்காரச் சாவி. கதவை முன்பே திறந்து வைத்திருப்பார்கள். மிஸ் கீலிங் மட்டும், தன் சாவி நிஜமாகவே திறக்கும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். விழா சனிக்கிழமை, அதாவது மறுநாள்.

பக்கத்து மேசைத் தட்டார் பார்ஜெட்டரிடம் வெட்டைக் காட்டினேன். "படம் போட்டவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது? தேய்ம்மா, தேய்" என்றார். இரண்டு சாவிகளையும் மிஸ் கீலிங் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார். "கட்டடத்துக்கு உள்ளே நின்னு பாக்கற மாதிரி வரைஞ்சு தொலைச்சிருக்கேன். இது உள்பக்கத்துச் சாவி" என்றார். தர முத்திரை குத்தியாகிவிட்டது, இனி வெட்டை அடைக்க ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டினாலும் மறுபடி முத்திரை ஆபீசுக்குப் போகவேண்டும், அதற்கு நாளில்லை என்று பார்ஜெட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மிஸ் கீலிங் சிரித்தார். "சாவியைத் தொடக்கூடாது, அவ்வளவுதானே? கதவும் நான் போட்டதுதான்" என்றவர், பூட்டைக் கழற்றித் தலைகீழாக மாட்டும்படி தச்சருக்குப் போன் செய்தார். உள்பக்கம் வெளியே வந்துவிடுமாம். "சாவிக்காகக் கதவைக் கொத்தற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தாம்மா" என்று தச்சர் கத்தியது எனக்கே கேட்டது. சாயங்காலம் பத்துத் தடவை திறந்து பார்த்தோம். ஒன்றுதான், பல் மேலே பார்த்தபடி சாவியை நுழைக்கவேண்டும்.

"இதை மேயருக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். தெல்மா, சாவியை நீயே கொண்டு வா" என்றார். அம்மா உன் நீல கவுனைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். உன் தம்ளரை இன்னும் யாருக்கும் தருவதில்லை அவள். அவளுக்கு ஒரு வரி எழுது அக்கா.

நேற்று விழாவில் பேண்டு மேளச் சத்தத்தில் நான் சொன்னது மேயர் காதில் விழவில்லை. பல்லைக் கீழே பிடித்துக் குத்தினார். நுழையவில்லை. மறுபடியும் குத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மிஸ் கீலிங்கின் முகம் வெளுத்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நான் மேயரின் கையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்துப் பல்லை மேலே திருப்பினேன். பூட்டு திறக்கும்வரை விடவில்லை.

உன் தங்கை
தெல்மா