முன்னுரையின் கடைசி வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

பதினோரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். அண்ணனுக்கு இருமல் வந்தால் நிற்பேனா என்கிறது.

அவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிக்கிறார். நான் பிழை திருத்த அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் அதே வரியைப் பார்த்துக்கொண்டே போகிறேன். நிறுத்தற்குறிகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். "அப்படியென்றால் காற்புள்ளி குவியல் எங்கே முடிந்தது கேள்விக்குறி" — கதவுக்கு வெளியே நின்று கேட்டால் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கீழ்வீட்டுத் தையற்காரர் கேட்டேவிட்டார்: "உங்க அண்ணன் ஏதாவது மந்திரம் சொல்றாராம்மா?"

மந்திரமில்லை, முரண்புதிர்கள். முப்பது வருஷம் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வுபெற்ற பிறகு ஒன்பது வருஷம் உட்கார்ந்து எழுதிய புத்தகம். யாரும் கேட்கவில்லை. ஆனால் அது அச்சாகி வருவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

டாக்டரைக் கேட்டேன், எத்தனை மாதம் என்று. "மாசக் கணக்கெல்லாம் வேண்டாம்மா. வாரம்னு வச்சுக்குங்க" என்றார். நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லையாம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன.

பிப்ரவரி 6, வெள்ளி

குவியல் அத்தியாயம். மணல் குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தால் அது இன்னும் குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான். எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் தரைதான் மிச்சம். எந்த மணலை எடுத்தபோது குவியல் இல்லாமல் போனது? இதற்கு நான்கு தீர்வுகள் சொல்கிறார் அண்ணன். நான்கையும் அவரே அடித்துப்போடுகிறார்.

கேட்கக் கேட்க எனக்கு ஞாபகம் வந்தது வேறு. அண்ணி வயிற்றுவலியோடு கிடந்த அந்த நாற்பது நாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ப்பா" என்று வாலு தினமும் கேட்டாள். "நேத்துக்கு இன்னிக்கு ஒண்ணும் மோசமில்லையே, நாளைக்குப் பார்ப்போம்" என்று அண்ணன் தினமும் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் சொன்னது சரி. நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாற்பத்தோராம் நாள் அண்ணி இல்லை.

வாலு என்பது அண்ணனின் ஒரே மகளுக்கு நான் வைத்த பேர். முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, இன்னும் வாலுதான். அண்ணி போன அன்றைக்கு அவள் கேட்டாள்: "எந்த நாள் தப்புப் பண்ணினீங்க? அதை மட்டும் சொல்லுங்கப்பா." அண்ணன் அந்த நேரத்திலும் பாடம் நடத்துகிற குரலில், "தனியா ஒரு நாளைக் காட்டித் தப்புன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு போனாள். ஆறு வருஷம் ஆகிறது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? அந்த நாற்பது நாளும் நானும் இதே வீட்டில்தான் இருந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வாலுவுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு முடியலைடி." அவள்: "போன வருஷமும் ரெண்டு தடவை இதையேதான் சொன்னீங்க அத்தை. அவர் நல்லாத்தான் இருக்காரு." வைத்துவிட்டாள்.

பொய் சொல்லிக் கூப்பிட்டது என் குற்றம். இப்போது உண்மையைச் சொன்னால் எடுபடவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

முன்னுரை எழுதி முடித்திருக்கிறார். எல்லா ஆசிரியர்களும் முன்னுரை முடிவில் ஒரு வரி எழுதுவார்கள்: இந்நூலில் உள்ள பிழைகள் என்னுடையவை. அண்ணன் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வரியும் சரின்னு நம்பித்தான் எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணும் சரின்னா தப்பு எங்கேருந்து வரும்? இருக்குன்னு எழுதினா என்னையே நான் மறுக்கறேன். இதுவும் ஒரு புதிர்தான், ஏழாம் அத்தியாயம் பாரு."

"முப்பத்தோரு வருஷமா புரூஃப் பாக்கறேன், பிழையில்லாத புத்தகம் ஒண்ணுகூட என் கைக்கு வரலை. உங்களுது மட்டும் வானத்துலேருந்து குதிச்சுதா?"

"அப்போ எந்த வரி தப்புன்னு காட்டு."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எந்த வரின்னு தெரியாட்டியும் எங்கேயோ இருக்குன்னு ஒத்துக்கலாம்ல? ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பிப்ரவரி 14, சனி

செய்துவிட்டேன்.

எழுத்துப்பிழை என்றால் திருத்துவேன். கருத்தில் சந்தேகம் என்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். அடுத்தவர் எழுத்தில் என் சொல்லை நுழைத்ததில்லை, இன்றுவரை. இன்று அச்சகத்தில் முன்னுரையைத் தட்டச்சு செய்த பெண்ணிடம், "கடைசியில ஒரு வரி விட்டுப்போச்சு, சேர்த்துக்கோ" என்றேன். இந்நூலில் உள்ள பிழைகள் என்னுடையவை. குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

அந்தப் பக்கத்தைக் கவரில் போட்டு வாலுவுக்கு அனுப்பினேன். கூட ஒரு சீட்டுகூட வைக்கவில்லை. அப்பா எழுதியது என்று அவள் நம்பட்டும். நாளைக்கு அவள் கேட்டால்? கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். இந்த வயதில் கள்ளக் கையெழுத்துப் போடாத குறை.

பிப்ரவரி 21, சனி

வந்துவிட்டாள்! போன்கூடச் செய்யாமல் வாசலில் வந்து நின்றாள்.

அண்ணன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "எப்படியிருக்கீங்கப்பா?" "இருக்கேன். சாப்பிட்டியா?" அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு இவ்வளவுதான் பேச்சு. அந்த வரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

அண்ணனால் இனிப் படிக்க முடியாது. வாலு படிக்கிறாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். முதல் பக்கத்தில் புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் விழுங்கினாள். "கமாவைச் சாப்பிடாதே" என்றார். சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

மார்ச் 2, திங்கள்



புத்தகம் முடிந்து இன்று முன்னுரைக்கு வந்தோம். வாலு கையில் அண்ணனின் கையெழுத்துப் பிரதி. என் கையில் புரூஃப். பாதிப் பக்கம் போனபிறகுதான் எனக்கு உறைத்தது: நான் சேர்த்த வரி புரூஃபில் இருக்கிறது, பிரதியில் இல்லை! இரண்டையும் ஒப்பிடுவதுதானே என் தொழிலே. முப்பத்தோரு வருஷம் செய்தவளுக்கு இது தோன்றவே இல்லை. நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள் வாலு கடைசி வரிக்கு வந்துவிட்டாள்.

"...அனைவருக்கும் நன்றி முற்றுப்புள்ளி." வாலு நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"இல்லப்பா. இன்னும் ஒரு வரி இருக்கு." வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே படித்தாள்: "இந்நூலில் உள்ள பிழைகள் என்னுடையவை முற்றுப்புள்ளி."

அண்ணன் கண்ணைத் திறந்தார். தான் போடாத கமாவுக்கே சண்டைக்கு வருகிற மனிதர். அவளைப் பார்த்தார், பிறகு என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான் எழுதலை" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போயிற்று.

"அதுல முதல் ரெண்டு வார்த்தை வேண்டாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வாலுவுக்குப் புரிந்தது. என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, புரூஃபில் அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தாள். படித்துக் காட்டினாள்: "பிழைகள் என்னுடையவை முற்றுப்புள்ளி." முற்றுப்புள்ளியில் குரல் உடைந்துவிட்டது. அண்ணன் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11, புதன்

காலை ஏழு இருபதுக்கு அண்ணன் போய்விட்டார். வாலு பக்கத்தில் இருந்தாள்.

மார்ச் 19, வியாழன்

வேறொரு புத்தகம் வந்திருக்கிறது, சமையல் குறிப்பு. தனியாகவே உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன், தலையில் ஏறவில்லை.

அப்பாவும் மகளுமாக இருந்தது பதினெட்டு நாள். ஆறு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். நடுவில் நின்று ஏதாவது செய்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். அடுத்த மாதம் பேசலாம், விடுமுறைக்குப் பேசலாம், இவர் கோபம் தணியட்டும், அவள் கோபம் தணியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மே 7, வியாழன்

புத்தகக் கட்டு வந்தது. வாலுதான் பிரித்தாள். முன்னுரையை எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை இன்று நானே கேட்டேன்.

"அது என் வரின்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது? பிரதியில இல்லாததைப் பார்த்தா?"

"கவரைப் பிரிச்ச உடனேயே அத்தை. அப்பாவாவது, அப்படி எழுதறதாவது."

"அப்புறம் ஏன்டி வந்தே?"

"முடியலைன்னு நீங்க போன்ல சொன்னப்போ நான் நம்பலை. ஆனா அடுத்தவங்க எழுத்துல ஒரு புள்ளி வைக்காத அத்தை, ஒரு வரியே எழுதிட்டாங்கன்னா... அப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு. அடுத்த வண்டியைப் பிடிச்சேன்."

புத்தகத்தைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடியே எழுதியிருக்கலாம் அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"ஆமாடி. தப்புதான்" என்றேன்.

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.