பதின்மூன்று ஊர்கள், ஒரு ஐஸ் பெட்டி

1998 செப்டெம்பர் 6, ஞாயிறு

கராம்பு வைத்ததில் பல்வலி குறைந்திருக்கிறது. மத்தியானம் சோறு மென்று சாப்பிட்டேன்.

விரிகுடா கடந்து வரும் மூதூர் லோஞ்சுப் படகில் மகள் இரத்தினேஸ்வரியின் கடிதம் வந்தது. கட்டைபறிச்சானில் அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் சின்னமுத்து, தட்டம்மை. என் பேத்திக்குப் போன புதன்கிழமைதான் ஒன்பது மாதம் முடிந்தது. ஊசி போடவேண்டிய வயது. இங்கே கொண்டுவரலாம் என்றால் லோஞ்சில் வருவதற்கு இராணுவப் பாஸ் இன்னும் கிடைக்கவில்லை. “அம்மா, இந்த முறையாவது ஐஸ் பெட்டி எங்கட ஊருக்கு வந்து சேருமோ?” என்று கேட்டிருக்கிறாள்.

சேரும் என்று பதில் எழுதிவிட்டேன். எப்படி என்று பிறகுதான் யோசிக்கிறேன்.

போன மாதக் கூத்தை நினைத்தால் இப்பவும் பத்துகிறது. எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தடுப்பூசி வான் ஒரே நாளில் பதின்மூன்று ஊர்களுக்குப் போகவேண்டும். எந்த ஊர் முதல் என்ற சண்டை வராமலிருக்கச் செயலாளர் கனகசுந்தரம் எல்லா ஊர்க்காரரும் பார்த்திருக்கத் திருவுளச்சீட்டுப் போட்டார். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எல்லாரும் தலையாட்டினார்கள். சீட்டு வந்த வரிசையில் வான் கிளிவெட்டிப் பக்கமும் மூதூர்ப் பக்கமுமாக நாலு தரம் அலைந்தது. பதினோராவது ஊர் முடிந்தபோது ஐஸ் எல்லாம் தண்ணீர். மிச்ச மருந்தைத் தாதி ஸல்ஹா நிலத்தில் ஊற்றினாள். ஊசி கிடைக்காத இரண்டு ஊர்களில் ஒன்று கட்டைபறிச்சான்.

வானுக்கு அடுத்த பாஸ் வருகிற சனிக்கிழமைக்கு. அந்த ஒரு நாள்தான்.

செப்டெம்பர் 7, திங்கள்

கனகசுந்தரத்துக்குப் புதுப் பைத்தியம். சங்கத்துக்கு யாரோ கொடுத்த கணினியில் ஊருக்கு ஊர் எத்தனை நிமிட ஓட்டம் என்று பதிந்து, பதின்மூன்று ஊர்களையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாமோ அத்தனையையும் பார்த்து, ஆகக் குறைந்த நேரத்தை எடுத்துத் தா என்று விட்டிருக்கிறார். துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். எதையும் முழுதாகப் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டார்.

“மெஷின் சொன்னால் ஆரும் வாய் திறக்க ஏலாது ரீச்சர். எட்டு ஊரை வைச்சுப் பாத்தனான், நாலு செக்கன். பதின்மூண்டுக்கு என்ன, பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னம் வந்திடும்.”

தேத்தண்ணி வந்தது. விடை வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எட்டு ஊரை 40,320 விதமாக அடுக்கலாம். அதற்கு நாலு செக்கன். ஒன்பதுக்கு அதைப்போல ஒன்பது மடங்கு. பத்துக்கு அதைப்போலப் பத்து மடங்கு, ஆறு நிமிடம். பதினொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று மணித்தியாலம். பதின்மூன்றுக்கு ஏழு நாள்! 622 கோடி 70 இலட்சத்து 20 ஆயிரத்து 800 வரிசைகள். இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன். சரிதான்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 8, செவ்வாய்

கனகசுந்தரத்திடம் சொல்லிப் பார்த்தேன். “எட்டுப் பேர் லோஞ்சுக்கு வரிசையில் நிற்கினம் எண்டு வையுங்கோ. நாளுக்கு ஒரு விதமாக மாறி மாறி நிண்டால், எல்லா விதமும் முடிய நூற்றிப்பத்து வருசம். ஒன்பதாவது ஆள் வந்தால் அந்த எட்டுப் பேருக்கும் முன்னால், நடுவில், பின்னால் எண்டு ஒன்பது இடத்தில் நிக்கலாம். நூற்றிப்பத்து வருசமும் ஒன்பது மடங்காகும். ஒரு ஊர் கூடினால் ஒரு ஊரின் வேலை கூடுது எண்டு நீங்கள் நினைக்கிறியள். அது கூடுறேல்லை, பெருகுது.”

“அப்ப இன்னும் விசையான மெஷின் எடுப்பம்.”

“பத்து மடங்கு விசையானதை எடுங்கோ. பதின்மூண்டு ஊர் பதினைஞ்சானால் அதுவும் நாலைஞ்சு மாசம் முழிச்சுக்கொண்டு இருக்கும்.”

சிரித்தார். ஆனால் கணினியை நிறுத்தவில்லை. “நீங்கள் வரிசை போட்டால், மகளின்ர ஊருக்காகப் போட்டது எண்டுவினம் ரீச்சர்.” அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் குத்துகிறது.

செப்டெம்பர் 9, புதன்

காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. கணினி பார்த்த அத்தனையும் போனது. கனகசுந்தரம் வந்து, ஓட்ட நிமிடங்கள் எழுதிய தாளை என் மேசையில் வைத்தார். பிறகு, “சரி, நீங்கள் போடுங்கோ” என்றார்.

செப்டெம்பர் 10, வியாழன்

வான் ஓட்டுகிற ஹிஸ்புல்லா மூதூரிலிருந்து வந்தார். மூன்று பேரும் மேசையில் கடதாசியை விரித்தோம்.

எல்லா வரிசையையும் பார்க்கத் தேவையில்லை. பார்க்கவே வேண்டாதவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளவேண்டும். கடற்கரை ரோட்டில் நாலு ஊர், ஆற்றுப் பக்கம் நாலு, வயல் பக்கம் ஐந்து. ஒரு பக்கத்தை முடிக்காமல் மற்றப் பக்கம் போகிற வரிசைகள் எல்லாம் கழிவு. இந்த ஒரு விதியோடு கோடிகள் போய்விட்டன. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்த்தால் 24, 24, 120. கையால் செய்யலாம். செய்தோம். ஆற்றுப் பக்கம் ஒரு பாலம் வானைத் தாங்காது என்று ஹிஸ்புல்லா சொன்னதும் இன்னும் பாதி போனது.

ஓட்டமும் ஊசியும் சேர்த்து ஆறேகால் மணித்தியாலம். ஐஸ் ஏழு தாங்கும். ஆகச் சிறந்த வரிசை இதுதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். சனிக்கிழமைக்குப் போதும்.

ஆனால் இது மூதூரில் தொடங்கி மூதூரில் முடிகிற சுற்று. எந்தப் பக்கத்தால் ஓடினாலும் ஒரே நேரம். ஒரு பக்கத்தால் போனால் கட்டைபறிச்சான் முதல். மறுபக்கத்தால் போனால் அது கடைசி.

கனகசுந்தரமே, “முதல் வையுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார்.

நான் கடைசியாகப் போட்டேன்.

“ஏன் டீச்சர், கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதானே?” என்றார் ஹிஸ்புல்லா.

“கணக்குக்கு ஒன்றுதான் தம்பி. மற்றப் பன்னிரண்டு ஊருக்கும் ஒன்றில்லை. இதை ஆரும் எதிர்த்தால் அடுத்த மாதம் திரும்பவும் சீட்டுக் குலுக்குவினம்.”

செப்டெம்பர் 11, வெள்ளி

என்ன வேலை செய்துபோட்டன்? ஒரு சோதனைச் சாவடியில் ஒரு மணித்தியாலம் மறிச்சால் ஐஸ் இல்லை. ஆருக்கு இல்லை? என்ர பிள்ளையின்ர பிள்ளைக்கு. மற்றவையின்ர வாய்க்குப் பயந்தோ நான் இதைச் செய்தனான்?

இல்லை. கணக்கு சரி. முக்கால் மணித்தியாலம் கையில் இருக்கிறது. மேலதிகமாக இரண்டு கட்டி ஐஸுக்கு மீன் கொம்பனியில் சொல்லி வைத்திருக்கிறேன். படுக்கப் போகிறேன்.

செப்டெம்பர் 12, சனி

பின்னேரம் நாலரை மணிக்கு இறங்குதுறைக்குப் போய் நின்றேன். ஐந்து மணிக்கு ஸல்ஹா இறங்கினாள். பெட்டியை என் முன்னால் திறந்து காட்டினாள். உள்ளே உள்ளங்கை அளவு ஐஸ் மிதந்தது.

“பதின்மூணு ஊரும் முடிஞ்சுது டீச்சர். ரெண்டு இடத்துல மறிச்சாங்க, இருபது நிமிஷம்.”

“கட்டைபறிச்சானில் என்ர பேத்திக்கு?”

“அங்க அம்பத்திமூணு புள்ளைங்க. உங்கட பேத்தி எதுண்டு நான் எப்படிக் கண்டன்? எல்லாம் ஒரே மாதிரித்தான் கத்திச்சுங்க.”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து, பேத்திக்கு ஊசி போட்டதா என்று கேட்டு இரத்தினேஸ்வரிக்கு எழுதினேன்.

செப்டெம்பர் 15, செவ்வாய்

கடிதம் இல்லை. காற்று என்று லோஞ்ச் ஓடவில்லை.

செப்டெம்பர் 22, செவ்வாய்

இரத்தினேஸ்வரியின் கடிதம். ஞாயிறு எழுதியது.

“அம்மா, சின்னவளுக்கு நேற்றிலிருந்து இலேசாகக் காய்ச்சல். பயப்படவேண்டாம். ஊசி போட்டு எட்டாம் நாள் அளவில் வரும், வந்தால் மருந்து பிடித்துவிட்டதென்று நினை என்று ஸல்ஹா மிஸி சொன்னவ. உடம்பில் ஒரு பொட்டும் இல்லை. பால் குடிக்கிறாள்.”

காய்ச்சல் என்ற சொல்லை நாலு தரம் வாசித்தேன். பிறகு போய்க் கனகசுந்தரத்துக்கும் வாசித்துக் காட்டினேன்.